கணையப் புற்றுநோயில் முதுகுவலி: நரம்பா, எலும்பா?

கணையப் புற்றுநோய் உள்ளவர் முதுகு வலிக்கிறது என்று சொன்னால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அந்த நோயின் அடையாளங்களில் ஒன்றே அதுதான். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுப்பக்கம் ஊடுருவும் வலி. மல்லாந்து படுத்தால் கூடும், முன்பக்கம் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். மருத்துவர் அதை எதிர்பார்த்தே இருக்கிறார், வீட்டில் உள்ளவர்களும் பழகிப்போகிறார்கள். மாத்திரையின் அளவு கூடுகிறது, அவ்வளவுதான். ஆனால் அதே ஆளுக்கு, அதே முதுகில், வேறொரு காரணத்தாலும் வலி வரலாம். புற்று முதுகெலும்புக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கலாம். இரண்டு வலிக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்றை இன்னொன்று என்று நினைத்து விட்டுவிட்டால், கால் மரத்துப்போகும் நாள்வரை உண்மை தெரியாமலே போகக்கூடும்.

இது அரிது என்றுதான் மருத்துவ நூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. மார்பகப் புற்றுநோயும் ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோயும் முற்றிய நிலையில் 100 பேரில் 70 பேர் அளவுக்கு எலும்பைத் தொடுகின்றன. நுரையீரல், சிறுநீரகப் புற்றுநோய்களில் இது 30, 40 என்ற அளவில் இருக்கிறது. கணையத்துக்கு வந்தால் சில மருத்துவமனைப் பதிவுகளில் 100க்கு 5 பேர்கூட இல்லை. வேறு சில தொகுப்புகளில் 20 வரை போகிறது. எப்படித் தேடினார்கள், யாரிடம் தேடினார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. வலி என்று சொன்னவர்களுக்கு மட்டும் ஸ்கேன் எடுத்தால் ஒரு கணக்கு, எல்லோருக்கும் எடுத்தால் இன்னொரு கணக்கு. என்னைக் கேட்டால், ‘அரிது’ என்ற சொல் இங்கே நோயாளிக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்திருக்கிறது. அரிது என்று மனத்தில் பதிந்துவிட்டால் அதைப் பற்றிக் கேள்வி கேட்கத் தோன்றுவதில்லை.

2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 5.1 லட்சம் பேருக்குப் புதிதாகக் கணையப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் சுமார் 4.67 லட்சம் பேர் அந்த நோயால் இறந்தார்கள். இரண்டு எண்ணும் இவ்வளவு நெருங்கி நிற்பதிலிருந்தே நோயின் குணம் விளங்கும். கண்டுபிடிக்கும் வேளையிலேயே ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் வேறு உறுப்புகளுக்குப் போயிருக்கும். அறுவை சிகிச்சை செய்யக்கூடிய நிலையில் வருபவர்கள் 100க்கு 15 முதல் 20 பேர்தான். பரவும் இடங்களில் முதலிடம் கல்லீரலுக்கு. அடுத்து பெரிட்டோனியம் என்ற வயிற்று உறை, நுரையீரல், தொலைவிலுள்ள நிணநீர்க் கணுக்கள். எலும்பு இந்த வரிசையின் கடைசிப் பக்கத்தில் நிற்கிறது.

ஏன் கல்லீரல் முதலில்? கணையத்திலிருந்து திரும்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. மண்ணீரலிலிருந்து வரும் சிரையோடும் குடலிலிருந்து வரும் சிரையோடும் சேர்ந்து, போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் நுழைகிறது. அங்கே நுண்ணிய குழல்களில் மெதுவாக ஊறிக் கடந்த பிறகே இதயம், நுரையீரல், பிறகு உடம்பெங்கும். கணையக் கட்டியிலிருந்து பிரிந்த ஒரு செல் எலும்பை அடைய வேண்டுமானால் கல்லீரல், நுரையீரல் என்ற இரண்டு சல்லடைகளைத் தாண்டியாக வேண்டும். பல செல்கள் முதல் சல்லடையிலேயே தங்கி, அங்கேயே கட்டியாக வளர்கின்றன.

வழி மட்டும்தான் காரணமா என்பது நூறாண்டுக்கு மேற்பட்ட சர்ச்சை. 1889இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைத் திரட்டிப் பார்த்தார். கல்லீரலில் 241 பேருக்குப் பரவியிருந்தது, மண்ணீரலில் 17 பேருக்கு மட்டுமே. ரத்தம் இரண்டுக்கும்தான் போகிறது, பிறகு ஏன் இந்த வித்தியாசம்? விதை எங்கும் விழலாம், ஆனால் ஒத்துவரும் மண்ணில்தான் முளைக்கும் என்றார் அவர். 1928இல் அமெரிக்க நோய்க்குறியியல் அறிஞர் ஜேம்ஸ் யூயிங் இதை மறுத்து, ரத்தம் போகும் பாதையை வைத்தே எல்லாவற்றையும் விளக்கலாம் என்றார். இன்றைக்கு இரண்டும் பாதிப் பாதி உண்மை என்ற இடத்துக்கு ஆய்வுலகம் வந்திருக்கிறது. முதலில் எங்கே இறங்குவது என்பதைப் பாதை முடிவு செய்கிறது. இறங்கிய இடத்தில் பிழைப்பதை மண் முடிவு செய்கிறது.

எலும்புக்குப் போக ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. பிலடெல்ஃபியாவில் இருந்த உடற்கூறியல் ஆசிரியர் ஆஸ்கர் பேட்சன், சடலங்களிலும் குரங்குகளிலும் எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தைச் சிரைகளில் செலுத்திப் பார்த்து, 1940இல் தன் முடிவுகளை வெளியிட்டார். முதுகெலும்பைச் சுற்றிலும் உள்ளேயும் ஒரு சிரைப் பின்னல் இருக்கிறது. அதில் வால்வுகள் இல்லை. வால்வு இல்லாத குழாயில் ரத்தம் எந்தப் பக்கமும் போகும். இருமும்போதும் முக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறினால், வழக்கமான பாதையை விட்டு ரத்தம் இந்தப் பின்னலுக்குள் தள்ளப்படுகிறது. புராஸ்டேட் புற்று ஏன் நுரையீரலைத் தொடாமலே இடுப்பெலும்புக்கும் முதுகுக்கும் போகிறது என்பதை விளக்கத்தான் பேட்சன் இதைச் சொன்னார். வயிற்றின் பின்சுவரை ஒட்டிக் கிடக்கும் கணையத்துக்கும், அதிலும் அதன் உடல், வால் பகுதிகளில் எழும் கட்டிகளுக்கும், இந்த வழி திறந்திருக்க வாய்ப்புண்டு. கல்லீரலில் ஒரு புள்ளிகூட இல்லாமல் முதுகெலும்பில் மட்டும் பரவல் தென்படும் நோயாளிகள் அபூர்வமாக இருப்பதற்கு இது ஒரு விளக்கமாகலாம்.

எலும்புக்கு வந்து சேரும் செல்கள் எல்லா எலும்பிலும் சமமாகத் தங்குவதில்லை. வயது வந்தவர்களுக்கு ரத்த அணுக்களை உருவாக்கும் சிவப்பு மஜ்ஜை பெரும்பாலும் இருப்பது முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, மார்பெலும்பு, தொடையெலும்பின் மேல்முனை, தோளருகே கையெலும்பு ஆகியவற்றில்தான். அங்கே ரத்தக் குழல்கள் அகன்றவை, ஓட்டம் மந்தம். பரவலும் அங்கேதான். முழங்கைக்கும் முழங்காலுக்கும் கீழே பரவுவது மிகக் குறைவு. எல்லாவற்றிலும் முதுகெலும்புக்கே அதிகப் பங்கு.

உள்ளே போன செல் தானே எலும்பைத் தின்பதில்லை. வாழ்நாள் முழுவதும் நம் எலும்பு இடிக்கப்பட்டும் கட்டப்பட்டும் வருகிறது. இடிப்பவை ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள், கட்டுபவை ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள். புற்றுச்செல் சில புரதங்களைச் சுரக்கிறது. அவற்றால் தூண்டப்பட்டுக் கட்டும் செல்கள் ராங்க்-எல் என்ற புரதத்தை அதிகமாக வெளிவிடுகின்றன. அந்தச் சமிக்ஞை கிடைத்ததும் இடிக்கும் செல்கள் பெருகி எலும்பை அரிக்கத் தொடங்குகின்றன. எலும்பின் சுண்ணச் சத்துக்குள் பூட்டிக் கிடந்த வளர்ச்சிக் காரணிகள் அரிப்பில் விடுபட்டு வெளியே வருகின்றன, அவை புற்றுச்செல்லுக்கே தீனியாகின்றன. தீனி கிடைத்தது மேலும் சுரக்கிறது, மேலும் அரிப்பு. கணையத்திலிருந்து வரும் பரவலில் இந்த அரிப்பு வகையே கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. எலும்பு இறுகித் தடிக்கும் வகையும், இரண்டும் கலந்ததும் உண்டு.

இங்கே வீட்டார் பலர் குழம்பும் இடம் ஒன்று. ‘கணையத்தில் இருந்தது போதாதென்று இப்போது எலும்பிலும் புற்றுநோய் வந்துவிட்டது’ என்று இரண்டு நோயாக எண்ணுகிறார்கள். எலும்பிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிவது கணையக் குழாயின் சுரப்பிச் செல்களே. அதனால் கீமோவும் கணையத்துக்குரியதுதான், எலும்புப் புற்றுக்குரியது வேறு. இன்னொன்றும் உண்டு. எலும்பில் பரவல் உறுதியானால் நோய் நான்காம் நிலை. கணையத் தலையை முன்சிறுகுடலோடு சேர்த்து அகற்றும் விப்பிள் என்ற பெரிய அறுவை சிகிச்சைக்குப் பொதுவாக இனி இடமில்லை. ஆகவே, ஸ்கேனில் தெரியும் ஒற்றைப் புள்ளியை உடனே பரவல் என்று முத்திரை குத்துவதும் ஆபத்து. வயதான ஆணுக்கு அது புராஸ்டேட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம், மஜ்ஜையில் எழும் மைலோமா என்ற வேறு புற்றாக இருக்கலாம், ஒன்றுமில்லாத பழைய தழும்பாகவும் இருக்கலாம். தீர்மானம் அந்தப் புள்ளியை நம்பி நிற்கும்போது ஊசியால் துணுக்கெடுத்து பயாப்ஸி செய்து பார்ப்பதே நியாயம்.

இந்தக் கேள்வி முன்னைவிட இப்போது ஏன் அடிக்கடி எழுகிறது? நோயாளிகள் சற்றுக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்பது முதன்மைக் காரணம். 1997 முதல் ஜெம்சைட்டபின் என்ற ஒற்றை மருந்தே கதி என்று இருந்தது. 2011இல் பிரான்சு நாட்டு ஆய்வொன்று, நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் ஃபோல்ஃபிரினாக்ஸ் முறையில் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டும் காலம், 11.1 மாதம் என்றும், ஜெம்சைட்டபினில் 6.8 மாதம் என்றும் காட்டியது. இரண்டு ஆண்டு கழித்து ஜெம்சைட்டபினோடு நாப்-பாக்ளிடாக்செல் என்ற மருந்தைச் சேர்த்த முறை 6.7 மாதத்தை 8.5 ஆக்கியது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை அற்ப எண்களாகத் தெரியலாம். ஆனால் ஆறு மாதத்தில் கல்லீரல் பரவலால் முடிந்திருக்கும் வாழ்க்கை ஒன்றரை வருடம் நீளும்போது, மெதுவாக வளரும் எலும்புப் பரவலுக்கும் வெளியே தலைகாட்ட நேரம் கிடைக்கிறது.

எந்த வலி யாருடையது

கணையத்துக்குப் பின்னால், ஏறக்குறைய முதல் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில், மகாதமனியைச் சுற்றி சீலியாக் என்ற நரம்புப் பின்னல் இருக்கிறது. கணையப் புற்று நரம்புகளின் உறைக்குள் புகுந்து ஊர்ந்து போகும் குணமுடையது. அப்படி அந்தப் பின்னலைப் பிடித்துக்கொள்ளும்போது வருவதுதான் முன்னே சொன்ன கணையத்து வலி. ஆழமானது, விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்ட முடியாதது, சாப்பிட்டபின் சிலருக்குக் கூடுவது.

எலும்பு வலியின் போக்கு வேறு. ‘இந்த இடம்தான்’ என்று நோயாளியே விரல் வைத்துக் காட்டுவார். முள்ளெலும்பின் மேல் லேசாகத் தட்டினால் துடிப்பார். எழும்போதும் புரண்டு படுக்கும்போதும் எடை ஏறும்போதும் வலிக்கும். பலருக்கு இரவில் தூக்கத்தைக் கெடுக்கும். குனிந்து உட்கார்ந்தாலும் பெரிதாகத் தணியாது. விலாவைச் சுற்றிப் பட்டை கட்டியதுபோல் வலி ஓடினால், அந்த மட்டத்தில் நரம்பு வேர் நசுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். பிடரியிலோ தோள்பட்டைகளுக்கு நடுவிலோ புதிதாக வலித்தால் அதைக் கணையத்தின் தலையில் கட்டவே முடியாது, இடம் பொருந்தாது. நடைமுறையில் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதும் உண்டு. அதனால் நேற்றுவரை இருந்த வலியின் குணம் மாறியிருக்கிறதா என்பதே நான் முதன்மையாகக் கருதும் கேள்வி. அதைக் கவனிக்க மருத்துவரைவிட உடன் இருப்பவருக்கே வாய்ப்பு அதிகம்.

நம் வீடுகளில் முதுகுவலி என்றால் வாய்வுப் பிடிப்பு, சுளுக்கு என்று தைலம் போட்டு நீவி விடுவது வழக்கம். தைலம் தடவுவதில் குற்றமில்லை. ஆனால் புற்றுநோய் உள்ளவரின் முதுகை அழுத்தி நீவுவதும், நெட்டி முறித்து எடுப்பதும், அரிக்கப்பட்டுத் தேய்ந்த முள்ளெலும்பை நொறுக்கிவிடக்கூடும்.

எல்லா எலும்பு வலியும் பரவல் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கீமோவுக்குப் பின் வெள்ளையணுக்கள் குறையாமல் இருக்கப் போடும் ஃபில்கிராஸ்டிம் வகை ஊசியே இடுப்பிலும் முதுகிலும் மார்பெலும்பிலும் கடுமையான வலி தரும்; மஜ்ஜை அவசரமாக அணுக்களைத் தயாரிப்பதால் வருவது அது, சில நாளில் போய்விடும். பாக்ளிடாக்செல் போட்ட இரண்டு மூன்று நாளில் தசையும் மூட்டும் வலிப்பது வேறு கதை. இன்னொரு காரணம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதே இல்லை. கணையச் சாறு குறைந்தால் கொழுப்பு செரிக்காது. கொழுப்பு செரிக்காவிட்டால் அதில் கரையும் வைட்டமின் டி உடம்பில் சேராது. மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து போகிற நோயாளிக்கு எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கும், பரவல் இல்லாமலே முள்ளெலும்பு அமுங்கி உடையும். அதற்கு வேண்டியது கணைய நொதி மாத்திரையும் வைட்டமின் டியும்.

மிக அபூர்வமாக இன்னொரு விசித்திரமும் நடக்கிறது. சில கணையக் கட்டிகள், குறிப்பாகச் செரிமான நொதி சுரக்கும் செல்களில் எழும் அசினார் செல் வகை, கொழுப்பைக் கரைக்கும் லைபேஸ் நொதியை ரத்தத்தில் கொட்டுகின்றன. அது தோலடிக் கொழுப்பைக் கரைத்துச் சிவந்த முடிச்சுகளை உண்டாக்கும், மூட்டுகளை வீங்கவைக்கும், மஜ்ஜையின் கொழுப்பையும் கரைத்து எலும்பில் ஓட்டை விழுந்ததுபோல் படத்தில் காட்டும். பார்த்தால் பரவல் போலவே இருக்கும், உண்மையில் அங்கே புற்றுச்செல் இருக்காது. கால் வலி என்றால் சிரையில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கணையப் புற்றுநோயில் அது எலும்புப் பரவலைவிட அடிக்கடி வருவது, உயிருக்கே ஆபத்தானதும்கூட.

பரிசோதனைகளிலும் இந்த நோய்க்கென்றே சில கண்ணிகள் இருக்கின்றன. ரத்தத்தில் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி ஏறினால் எலும்பு பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பது பொது விதி. கணையத் தலையில் கட்டி இருந்து பித்தக் குழாய் அடைபட்டு மஞ்சள் காமாலை வந்தவருக்கு இதே எண் பித்தத்தால் ஏறும். ஜி.ஜி.டி. என்ற இன்னொரு நொதி கூடவே ஏறியிருந்தால் பித்தப் பக்கம், ஏறாமல் இருந்தால் எலும்புப் பக்கம் என்று ஓரளவு பிரித்தறியலாம். சாதாரண எக்ஸ்ரேயை நம்ப முடியாது. எலும்பின் தாதுச் சத்தில் 30 முதல் 50 சதவீதம் போன பிறகே அதில் அரிப்பு கண்ணுக்குத் தெரியும். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற சீட்டு முதல் வாரங்களில் எதையும் நிரூபிப்பதில்லை.

போன் ஸ்கேன் எலும்பு புதிதாகக் கட்டப்படும் இடங்களைத்தான் ஒளிரவைக்கிறது. வெறும் அரிப்பு மட்டும் நடக்கிற இடத்தை அது தவறவிடலாம். கணையத்துக்காக எடுக்கும் வயிற்று சி.டி.யிலேயே முதுகெலும்பும் இருக்கிறது. ஆனால் மென்திசுக்களுக்கு ஏற்ற ஒளியமைப்பில் கல்லீரலையும் கணையத்தையும் பார்த்துவிட்டு, எலும்புக்குரிய அமைப்புக்கு மாற்றிப் பார்க்காமல் விட்டால் அது கண்ணில் படாது. வலி இருக்கும் இடத்தைக் கோரிக்கைச் சீட்டில் எழுதி அனுப்பினாலே ரேடியாலஜி மருத்துவர் அங்கே தேடுவார். முதுகெலும்புக்கும் மஜ்ஜைக்கும் எம்.ஆர்.ஐ.தான் நம்பகமானது. பெட் ஸ்கேன் உடல் முழுவதையும் ஒருசேரக் காட்டும். ஃபில்கிராஸ்டிம் ஊசி போட்ட சில நாளில் எடுத்தால் மஜ்ஜை முழுவதும் ஒளிர்ந்து பயமுறுத்தும். கீமோ மருந்து வேலை செய்து, அரித்த எலும்பு ஆறி வெள்ளையாகத் தடிக்கும்போது, முன்பு தெரியாத இடங்கள் புதிதாகத் தெரியத் தொடங்கும். கல்லீரல் கட்டிகள் சுருங்கி, எலும்பில் மட்டும் ‘புதிய’ புள்ளிகள் என்று அறிக்கை வந்தால், மருந்தை மாற்றும் முன் இதை யோசிக்க வேண்டும்.

கணையத்தில் தோன்றுபவற்றில் 90 சதவீதம் அளவு குழாய்வகைப் புற்று. இதுவரை சொன்னது அதைப் பற்றியே. ஹார்மோன் சுரக்கும் செல்களில் எழும் நியூரோஎண்டோகிரைன் கட்டி வேறு நோய். ஸ்டீவ் ஜாப்ஸுக்கு வந்தது அதுதான். 2003இல் கண்டறியப்பட்டு, 2011 அக்டோபர் வரை வாழ்ந்தார். அந்த வகையும் எலும்புக்குப் பரவும், ஆனால் தேடுவதற்கு டோட்டாடேட் என்ற தனி பெட் ஸ்கேன் உண்டு, லூட்டீசியம்-177 என்ற கதிரியக்க மருந்தும் உண்டு. ‘கணையப் புற்றுநோயோடு எட்டு வருடம் இருந்தார்’ என்று யாராவது சொன்னால் எந்த வகை என்று கேட்பது நல்லது.

வலியைக் குறைக்கும் வழிகள்

எலும்புப் பரவல் உறுதியானபின் கணையப் புற்றுநோயில் ஆயுள் பெரும்பாலும் மாதக் கணக்கில்தான் சொல்லப்படுகிறது. அதை மறைப்பதில் பொருளில்லை. ஆனால் இந்த நோயில் கையில் பிடிபடாத பலவற்றுக்கு நடுவே, எலும்பு வலி ஓரளவு பிடிபடுகிற விஷயம். சீலியாக் பின்னலிலிருந்து வரும் வலி என்றால் அதற்குள் ஆல்கஹால் ஊசி போட்டு நரம்பை மரக்கச் செய்யலாம். எலும்பு வலிக்கு அந்த ஊசி எந்தப் பயனும் தராது, அதற்குக் கதிர்வீச்சு. வலியின் ஊரைச் சரியாகக் கண்டுபிடிப்பதில் இவ்வளவு அக்கறை ஏன் என்றால் இதனால்தான்.

கதிர்வீச்சு என்றவுடன், நம் ஊர் வழக்கில் சொன்னால் ‘கரன்ட் வைப்பது’ என்றவுடன், ஐந்தாறு வாரம் தினமும் மருத்துவமனைக்கு அலைவதை நினைத்துப் பலர் பின்வாங்குகிறார்கள். எலும்பு வலிக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரே நாளில் 8 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்ற ஒற்றைத் தவணை, பத்து நாள் பிரித்துக் கொடுக்கும் 30 கிரே அளவுக்கே வலியைக் குறைக்கிறது என்று பல நாடுகளின் ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்கு வலி குறைகிறது, நாலில் ஒருவருக்கு முழுதாகவே போகிறது. ஒற்றைத் தவணை பெற்றவர்களில் 20 சதவீதம் பேருக்கு மறுபடியும் கொடுக்க வேண்டிவந்தது, பத்துத் தவணை பெற்றவர்களில் 8 சதவீதம் பேருக்கு. அந்த வித்தியாசத்தை ஒத்துக்கொண்டே சொல்கிறேன்: மீதமுள்ள காலம் குறைவு என்று தெரியும்போது, இரண்டு வாரத்தை ஆஸ்பத்திரி வரிசையில் கழிப்பதைவிட ஒரு நாளில் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவதே மேல். ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். முதல் சில நாள் வலி கூடக்கூடும், நிவாரணம் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அதுவரை வலி மருந்தை நிறுத்தக் கூடாது.

இடிக்கும் செல்களை அடக்க இரண்டு மருந்துகள் இருக்கின்றன: சிரை வழியே ஏற்றும் ஸோலெட்ரோனிக் அமிலம், ராங்க்-எல்லைத் தடுக்கும் டெனோசுமாப். எலும்பு முறிவையும் கதிர்வீச்சுத் தேவையையும் இவை தள்ளிப்போடுகின்றன. தொடங்கும் முன் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும், ஏனென்றால் பிறகு பல் பிடுங்கினால் தாடையெலும்பு அழுகும் வாய்ப்புண்டு. ஸோலெட்ரோனிக் அமிலத்துக்குச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்ய வேண்டும். முன்னே சொன்ன வைட்டமின் டி குறைபாடு இங்கே மறுபடி குறுக்கே வருகிறது. அதைச் சரிசெய்யாமல் இந்த ஊசிகளைப் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். பலன் தெரிய மாதங்கள் ஆகும் மருந்து இது. ஆகவே எல்லாக் கணைய நோயாளிக்கும் தேவை என்று சொல்ல மாட்டேன்.

நொறுங்கிய முள்ளெலும்புக்குள் ஊசி வழியே சிமென்ட் செலுத்தி உறுதிப்படுத்தும் முறை 1984இல் பிரான்சில் தொடங்கியது. தண்டுவடம் நசுங்காத, வலி ஓரிடத்தில் நிற்கிறவர்களுக்கு அது உதவும். தொடையெலும்பில் பெரிய அரிப்பு இருந்தால் உடையும்வரை காத்திருப்பதைவிட முன்னதாகவே உள்ளே கம்பி வைத்துவிடுவது நல்லது. எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம், எந்த வகை, நடந்தால் வலிக்கிறதா என்ற நான்கையும் மதிப்பிட்டு 12க்கு எண் போடும் மிரெல்ஸ் கணக்கை எலும்பு மருத்துவர்கள் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். 9 அல்லது அதற்கு மேல் வந்தால் கம்பி.

மார்ஃபினைப் பற்றி வீட்டார் இரண்டு விதமாகப் பயப்படுகிறார்கள். பழகிவிடும் என்று ஒன்று, அதைக் கொடுத்தால் கதை முடிந்தது என்று மற்றொன்று. புற்றுநோய் வலிக்கு அளவாகக் கொடுக்கும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைமருந்துச் சட்டம் வந்தபின் மருத்துவமனைகள் உரிமச் சிக்கலுக்கு அஞ்சி மார்ஃபினை வாங்கி வைக்கவே தயங்கின, நோயாளிகள் வலியோடு விடப்பட்டார்கள். 2014இல் சட்டம் திருத்தப்பட்டு உரிம முறை எளிதாக்கப்பட்டது. ஆனாலும் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. வலி, தணிப்புச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையைத் தேடிப் போவதுதான் வழி.

அவசரம் என்று சொல்லத்தக்கவை இரண்டு. ரத்தத்தில் கால்சியம் ஏறினால் அளவற்ற தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், அயர்ச்சி, பிறகு குழப்பமான பேச்சு. ‘நோய் முற்றிவிட்டது, அதான் இப்படிப் பேசுகிறார்’ என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சலைன் ஏற்றி, ஸோலெட்ரோனிக் அமிலம் கொடுத்தால் பலர் தெளிவடைகிறார்கள்.

இரண்டாவது, தண்டுவடம் நசுங்குவது. பெரும்பாலும் முதலில் வருவது முதுகுவலிதான், வாரக்கணக்கில் அது மட்டுமே இருக்கும். பிறகு கால் தள்ளாடும், படி ஏற முடியாது, இடுப்புக்குக் கீழ் உணர்வு மங்கும், சிறுநீர் அடைத்துக்கொள்ளும். இந்தக் கட்டத்தில் நாளைக்குப் பார்க்கலாம் என்பது கிடையாது. ஸ்டீராய்டு ஊசி, 24 மணி நேரத்துக்குள் முதுகெலும்பு முழுவதற்கும் எம்.ஆர்.ஐ., உடனே சிகிச்சை. தொடங்கும்போது நடந்துகொண்டிருப்பவர் பெரும்பாலும் பிறகும் நடப்பார், கால் விழுந்தபின் வந்தவர் மீள்வது குறைவு. 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 84 சதவீதம் பேர் நடந்தார்கள், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதம். அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் குறைந்தது மூன்று மாதமாவது வாழ்வார்கள் என்று மதிப்பிடப்பட்டவர்கள். கணையப் புற்றுநோயில் அந்த மதிப்பீடே கடினம் என்பதால், பலருக்குக் கதிர்வீச்சு மட்டும் போதும் என்று முடிவாகிறது.

மார்ஃபின் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு மலம் இறுகும், சிலருக்குச் சிறுநீரும் தடைபடும். தண்டுவடம் நசுங்கினாலும் இதே இரண்டும்தான் நடக்கும். ‘மாத்திரையால் இருக்கும்’ என்று அவசரப் பிரிவில் யாராவது சொன்னால், எழுப்பி நிறுத்தி நான்கு அடி நடக்கவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.